ரெண்டு நிறத் தார்

வீரமலைக்கு யாரிடமும் 'முடியாது' என்று சொல்லிப் பழக்கமில்லை. அந்தக் குணம் அவனைப் போன வாரம் எந்த முட்டுச் சந்தில் கொண்டுபோய் நிறுத்தியது என்று பார்த்தோமே!

ஸ்ரீரங்கத்தை ஒட்டிய மேலூரில் அவர்கள் வாழைக்கொல்லையில் ஒரு செவ்வாழை மரம், ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் பச்சையுமாகத் தார் தள்ளிவிட்டது. "மாசமா இருக்கற பொண்ணு புழங்கற வீடு. இந்தக் கண்றாவி இங்க நிக்கக் கூடாது, வெட்டிப் போடு" என்றார் அப்பா அழகர்சாமி. "சரிப்பா" என்றான் வீரமலை. "அண்ணே, ஸ்கூல் இன்ஸ்பெக்ட்ரஸ் வர்ற வரைக்கும் அந்த மரத்து மேல ஒரு அரிவாள் படக் கூடாது. என் வேலையே அதுலதான் இருக்கு" என்றாள் தங்கை வள்ளிக்கண்ணு. அவளிடமும் "சரி வள்ளி" என்றான். ஒரே மரத்துக்கு இரண்டு சரி!

இன்றைக்குத்தான் அந்த இன்ஸ்பெக்ட்ரஸ் வருகிறாள்.

புத்தூர் பெண்கள் ஹைஸ்கூலில் வள்ளிக்கண்ணு லீவு வேகன்ஸியில் சயன்ஸ் டீச்சராகச் சேர்ந்து இன்னும் ஒரு வருஷம்கூட நிறையவில்லை. இன்று பத்தாம் வகுப்பில் அவள் நடத்தும் பாடம் இன்ஸ்பெக்ட்ரஸ் மனசுக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் பரீட்சை முடிந்ததும் மூட்டை கட்டவேண்டியதுதான். "பி.எஸ்ஸி. படிச்ச வரைக்கும் போதும், வீட்ல இரு" என்று அப்பா வாயைத் திறப்பதற்கு முன்னால் அவள் ஏதாவது ஒரு பக்கம் காலூன்றியாக வேண்டும்.

காலையில் அடுப்படிக்குள் நுழைந்ததுமே முதல் அதிர்ச்சி. அந்த ரெண்டு நிறத் தாரின் மேல் சீப்பில் முந்தி முற்றிய காய்கள் கொஞ்சத்தைப் பறித்து, வைக்கோல் போட்டுப் பானையில் பழுக்க வைத்திருந்தாள். பானையைத் திறந்தால் பாதியைக் காணோம்.

"அண்ணி! பழத்தை யார் எடுத்தது?"

தோசைக் கல் முன்னால் உட்கார்ந்திருந்த ரெங்கம்மாள் திரும்பவே இல்லை. ஏழாம் மாசத்து வயிற்றோடு அவள் திரும்புவது லேசான காரியமும் இல்லை.

"அணிலா இருக்கும்."

"மூடி வெச்ச பானைக்குள்ளயா?"

"இந்த ஊரு அணிலுக்கு மூடி என்ன, பூட்டு என்ன! மிச்சம் இருக்கறதை எடுத்துக்கிட்டுக் கிளம்பு வள்ளி. பஸ்ஸை விட்டுடாத."

வள்ளிக்கண்ணுவுக்கு அணிலோடு சண்டை போட நேரமில்லை. மிச்சப் பழங்களைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டாள். "அண்ணன் எங்க?"

"வெள்ளி முளைக்கறதுக்கு முன்னாடியே போயாச்சு. காந்தி மார்க்கெட்ல குத்புதீன் பாய் லாரியோட காத்திருக்காராம், செவ்வாழைக் கன்னு ஏத்த. பிச்சமுத்து மாட்டு வண்டியைப் பூட்டிக்கிட்டு வந்தான். போற வழியில உன் ஸ்கூலுக்கும் வர்றேன்னாரு உங்க அண்ணன்."

நல்லது. ஒரே ஒரு சீப்பு மட்டும் அறுத்துக்கொண்டு வந்து கொடு, மரம் அப்படியே நிற்கட்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அவனும் 'சரி' என்றுதான் சொல்லியிருந்தான்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. காவேரிப் பாலத்தில் பஸ் ஏறியபோது, மடியிலிருந்த பழப் பையை இன்னொரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். போன வாரம் வகுப்பில் லூர்துராணி எழுந்து கேட்ட கேள்விதான் மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. "டீச்சர், அந்தப் பச்சை இந்தத் தாரோட போயிடுமா, இல்ல அதோட பிள்ளைக்கும் வருமா?" எப்பேர்ப்பட்ட கேள்வி! "கன்னு இருக்கு. அது வளரட்டும், அதுவே பதில் சொல்லும்" என்று ஜம்பமாகச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

புத்தூரில் இறங்கி ஸ்கூல் தெருவில் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஸ்கூல் கேட்டில் வாழை மரம் கட்டியிருந்தது. ஒன்றல்ல, இரண்டு. கல்யாண வீட்டு வாசல் மாதிரி வலது பக்கம் ஒரு முழுச் சிவப்புத் தார், இடது பக்கம், ஐயோ, பாதிச் சிவப்பும் பாதிப் பச்சையுமாக அதே தார்! நடுவில் மாவிலைத் தோரணம் வேறு. ஏணி மேல் நின்று கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்த வீரமலை, தங்கையைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாகச் சிரித்தான்.

"எப்படி இருக்கு வள்ளி?"

"அண்ணே... என்னண்ணே பண்ணி வெச்சிருக்கே?"

"பின்ன? ஜில்லாவுக்கே பெரிய அம்மா வர்றாங்க. என் தங்கச்சி பாடம் நடத்தறா. அதுக்கு ஒத்தைச் சீப்பைக் கையில புடிச்சுக்கிட்டு வந்து நின்னா நம்ம குடும்பத்துக்கு மரியாதையா? இப்ப பாரு, அப்பாவுக்கும் மரம் கொல்லையில இல்ல. உனக்கும் மரம் ஸ்கூல்ல இருக்கு." இரண்டு 'சரி'யையும் ஒரே வெட்டில் காப்பாற்றிவிட்ட பெருமை அவன் முகத்தில் வழிந்தது.

கோபம் வரவேண்டிய நேரம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக் கோபப்பட யாரால் முடியும்? வள்ளிக்கண்ணுவுக்கு அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. மரம் போனால் போகட்டும், தார் தள்ளிய மரம் எப்படியும் சாகிற மரம்தான். ஆனால்...

"கன்னு? அதோட கன்னு எங்கண்ணே?"

"அடிக்கட்டையைத் தோண்டிக் கன்னைப் பிரிச்சாச்சே. ரெண்டு இருந்துச்சு. ஒண்ணை நான் பிரிச்சு வண்டில போட்டேன். இன்னொண்ணை அப்பா கடப்பாறையால நெம்பிக்கிட்டு இருந்தாரு. அதுவும் வண்டிலதான் கிடக்கும்."

"வண்டி எங்க?"

"இப்பத்தான் பிச்சமுத்து மார்க்கெட்டுக்கு ஓட்டிக்கிட்டுப் போறான். லாரி காத்துக்கிட்டு..."

"அண்ணே! அந்தக் கன்னு லாரில ஏறிச்சுன்னா நான் வீட்டோட உட்கார வேண்டியதுதான். ஓடு! வண்டியைத் திருப்பி இங்க கொண்டா!"

வீரமலைக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் தங்கையின் கண்ணில் தண்ணீரைப் பார்த்துவிட்டான், அது போதும். வாட்ச்மேன் காத்தானின் சைக்கிளைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிப் பறந்தான். அவன் தெருமுனை திரும்பிய அதே நேரத்தில் எதிரே இன்ஸ்பெக்ட்ரஸின் கார் வந்து நின்றது.

காரிலிருந்து இறங்கிய அம்மாள் உயரம். கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணின வெள்ளைக் கைத்தறிப் புடவை. கேட்டை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாருக்குக் கல்யாணம்?"

ஹெட்மிஸ்ட்ரஸ் வள்ளிக்கண்ணுவைப் பார்த்த பார்வையில் 'இதெல்லாம் உன் வேலையா' என்று எழுதி ஒட்டியிருந்தது.

"கல்யாணம் இல்லைங்க மேடம்" என்றாள் வள்ளிக்கண்ணு. "இதுதாங்க இன்னைக்குப் பாடம்."

இன்ஸ்பெக்ட்ரஸ் அந்தத் தாரை இன்னொரு முறை, இந்தத் தடவை கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிட்டு உள்ளே நடந்தாள்.

பத்தாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் இன்ஸ்பெக்ட்ரஸும் ஹெட்மிஸ்ட்ரஸும் உட்கார்ந்துகொண்டார்கள். பெண்கள் தாவணி மடிப்பு கலையாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். வள்ளிக்கண்ணு சாக்பீஸை எடுத்தாள். என்ன ஆனாலும் ஆகட்டும் என்று ஆரம்பித்தாள்.

"வஹீதா, எழுந்திரு. தையல் கிளாஸ்ல நீ போட்ட கிளி எங்கே?"

வகுப்பே குபீரென்று சிரித்தது. வஹீதா வெட்கத்தோடு கைக்குட்டையை எடுத்து விரித்துக் காட்டினாள். மூலையில் ஒரு பச்சைக் கிளி, அதற்கு இரட்டை வால்.

"இது எப்படி வந்துச்சுன்னு மேடத்துக்குச் சொல்லு."

"தையல் டீச்சர் ஒரே ஒரு கிளிதாங்க மேடம் வரைஞ்சு கொடுத்தாங்க. அது மேல பேப்பர் வெச்சு, ஒருத்தியைப் பார்த்து ஒருத்தின்னு நாங்க வரிசையா எடுத்தோம். எனக்குப் பென்சில் வழுக்கிடுச்சு. வால் ரெண்டாயிடுச்சு."

"உன்னைப் பார்த்து எடுத்தவங்களுக்கு?"

"அவங்க எல்லாருக்கும் ரெட்டை வால்தாங்க டீச்சர்!"

மறுபடியும் சிரிப்பு. வள்ளிக்கண்ணுவின் பயம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. பலகைப் பக்கம் திரும்பி வேகமாக எழுதினாள்.

"நம்ம உடம்புல, வாழையில, ஈயில, எறும்புல, எல்லா உயிர்லயும் செல்லுக்குள்ள ஜீன்னு ஒண்ணு இருக்கு. செடி என்ன நிறம், என்ன உயரம், எல்லாத்துக்கும் அதுதான் டிசைன். ஒரு செல் ரெண்டாகும்போது அந்த டிசைனைப் பார்த்து எடுக்குது. ஆயிரம் தடவை, லட்சம் தடவை ஒழுங்கா எடுக்கும். எப்பவாவது ஒரு தடவை பென்சில் வழுக்கும். அதுக்குப் பேர்தான் மியூட்டேஷன், திடீர் மாற்றம். யாரும் கேட்டு வர்றதில்ல. நல்லதுக்கு வேணும்னு வர்றதும் இல்ல, கெட்டதுக்குன்னு வர்றதும் இல்ல. தானா வருது, அவ்வளவுதான்."

துணியைப் பிரித்துப் பழத்தை எடுத்தாள். ஒரே பழம், நீளவாக்கில் கோடு போட்ட மாதிரி ஒரு பாதி சிவப்பு, ஒரு பாதி பச்சை மஞ்சள். பெண்கள் பெஞ்சில் எம்பி எம்பிப் பார்த்தார்கள். பழம் கை மாறி மாறிக் கடைசி பெஞ்சு வரைக்கும் போயிற்று.

"வாழைக்கு விதை இல்ல. கன்னுலேர்ந்து கன்னு, அதுலேர்ந்து கன்னு. எங்க அண்ணன் நாகர்கோவில் பக்கத்துலேர்ந்து கொண்டுவந்த செவ்வாழை எல்லாம் ஒரே தாயோட பிள்ளைங்க. ஒண்ணு மாதிரியே இன்னொண்ணு இருக்கணும். ஆனா இந்த ஒரு மரத்துல, குருத்துல ஏதோ ஒரு செல்லுல, சிவப்பை எழுதற இடத்துல பென்சில் வழுக்கிடுச்சு. அந்தச் செல்லுலேர்ந்து வந்த பக்கம் பூரா பச்சை."

"ஒரு நிமிஷம்" என்றாள் இன்ஸ்பெக்ட்ரஸ்.

அவள் பழத்தை விரலால் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு பக்கம் வெயில் பட்டுச்சு, ஒரு பக்கம் படலை. அதனால நிறம் மாறிடுச்சுன்னு நான் சொல்றேன். இல்ல, ஏதோ நோவு. நீங்க மியூட்டேஷன்னு சொல்றீங்க. எது சரின்னு இந்தப் பிள்ளைங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஹெட்மிஸ்ட்ரஸின் முகம் வெளுத்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் புஸ்தகத்தைப் புரட்டி எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பார்கள். வள்ளிக்கண்ணுவுக்கோ, சொன்னால் நம்பமாட்டீர்கள், சந்தோஷம் தாங்கவில்லை. லூர்துராணி கேட்ட அதே கேள்வி! சரியான கேள்வியை ஒரு பெரிய மனுஷி வாயால் கேட்பதற்கும் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

"இந்தப் பழத்தை மட்டும் வெச்சுக்கிட்டு என்னால சொல்ல முடியாதுங்க மேடம். வெயில்ல வந்த மாற்றம்னா அது இந்தத் தாரோட போயிடும். கன்னு எப்பவும் போல சிவப்பாத்தான் இருக்கும். ஜீன்ல வந்த மாற்றம்னா, பச்சைப் பக்கத்துலேர்ந்து முளைச்ச கன்னும் பச்சையா வரும். கன்னுதான் சாட்சி."

"நல்லது. கன்னு எங்கே?"

"அது..." வள்ளிக்கண்ணு ஜன்னல் பக்கம் பார்த்தாள். "அது காந்தி மார்க்கெட்டுக்குப் போய்க்கிட்டு இருக்குங்க மேடம்."

இன்ஸ்பெக்ட்ரஸின் உதட்டு ஓரம் லேசாகத் துடித்தது. சிரிப்பா, கோபமா? கண்டுபிடிப்பதற்குள் ஜன்னலுக்கு வெளியே ஜல் ஜல் என்று மாட்டுச் சலங்கை கேட்டது.

"வள்ளீ!" என்று ஒரு சத்தம். வீரமலைதான்! வியர்வையில் தொப்பலாக நனைந்து, சைக்கிளை உருட்டிக்கொண்டு முன்னால் வர, பின்னால் பிச்சமுத்து வண்டியை ஓட்டிக்கொண்டு கேட்டுக்குள் நுழைந்தான். வண்டி நிறையச் செவ்வாழைக் கன்று. "பாலக்கரை முக்குல புடிச்சுட்டேன்! லாரிக்காரருக்குச் சொல்லி அனுப்பியாச்சு, சீக்கிரம் பாரு!"

வள்ளிக்கண்ணு வண்டியைப் பார்த்தாள். கன்று எல்லாம் இலையை வெட்டித் தலை சீவிக் கிடந்தன. கிழங்கிலிருந்து மேல் வரைக்கும் கொல்லைச் சேறு அப்பிக் காய்ந்து, எது சிவப்பு எது பச்சை என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

"உங்க பாடம் முடிஞ்சிடுச்சா டீச்சர்?" என்றாள் இன்ஸ்பெக்ட்ரஸ் பின்னாலிருந்து.

வள்ளிக்கண்ணு திரும்பினாள். ஹெட்மிஸ்ட்ரஸைப் பார்க்கவில்லை, இன்ஸ்பெக்ட்ரஸையும் பார்க்கவில்லை, பெண்களைப் பார்த்தாள்.

"எல்லாரும் வெளியில வாங்க! தாவணியை இழுத்துச் சொருகிக்குங்க. தொட்டியிலேர்ந்து வாளில தண்ணி எடுங்க. ஒவ்வொரு கன்னையும் கழுவணும். சிவப்பா இருந்தா இந்தப் பக்கம் அடுக்குங்க. பச்சையா ஒண்ணு கிடைச்சா, கத்துங்க!"

அவ்வளவுதான், ஸ்கூல் களேபரமாகிவிட்டது. வாளிகள் பறந்தன. வீரமலையும் பிச்சமுத்துவும் வண்டி மேல் நின்று கன்றுகளை இறக்க இறக்க, பெண்கள் வாங்கி வாங்கிக் கழுவினார்கள். "சிவப்பு!" "இதுவும் சிவப்புதாண்டி!" "ஏய், தண்ணியை என் மேல ஊத்தாத!" தேங்காய் நாரால் தேய்த்தார்கள், கையால் தேய்த்தார்கள். மற்ற வகுப்புப் பெண்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் ஒரு தூணுக்குப் பக்கத்தில் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

சிவப்புக் குவியல் ஏறிக்கொண்டே போனது, வண்டி காலியாகிக்கொண்டே வந்தது. பச்சையைக் காணோம். வள்ளிக்கண்ணு வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். வெயில்தானா? வெறும் வெயிலுக்குத்தான் இத்தனை ஆட்டம் ஆடினோமா?

"டீச்சர்!"

லூர்துராணியின் குரல். கத்தவில்லை, கிசுகிசுத்தாள். கையில் ஒரு சின்னக் கன்று. பாதிதான் கழுவியிருந்தாள். சேறு போன இடத்தில் பட்டை பளிச்சென்று பச்சையாக இருந்தது.

எல்லாரும் மொய்த்துக்கொண்டார்கள். யாரோ ஒரு வாளித் தண்ணீரை மொத்தமாக ஊற்றினார்கள். பச்சை, பச்சை, அடியிலிருந்து நுனிவரை பச்சை!

"வழி விடுங்க, வழி விடுங்க." இன்ஸ்பெக்ட்ரஸ் கூட்டத்துக்குள் நுழைந்து, அந்தக் கஞ்சி போட்ட வெள்ளைப் புடவையோடு சேற்றில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். "வேற ஜாதி வாழைக்கன்னு கலந்திருக்காதுன்னு என்ன நிச்சயம்? பூவன் கன்னுகூடப் பச்சையாத்தானே இருக்கும்?"

வள்ளிக்கண்ணு கன்றை மெதுவாகத் திருப்பினாள். பின் பக்கம், பச்சைப் பட்டையின் நடுவில், அடியிலிருந்து மேலே ஒரே ஒரு மெல்லிய சிவப்புக் கோடு ஓடியது.

"பூவனுக்கு இந்தக் கோடு வராதுங்க மேடம். இது செவ்வாழையோட பிள்ளைதான். நிறம் மட்டும் மாறிப் பொறந்திருக்கு."

இன்ஸ்பெக்ட்ரஸ் அந்தக் கோட்டை விரல் நுனியால் தடவிப் பார்த்தாள். புடவையில் சேறு பட்டதே அவளுக்குத் தெரியவில்லை. நிமிர்ந்தபோது முகத்தில் அதிகாரம் எல்லாம் எங்கேயோ போய்விட்டிருந்தது.

"சரி பொண்ணுங்களா. ஒரு கன்னு நிறம் மாறிடுச்சு. இதுக்கும் பரிணாமத்துக்கும் என்ன சம்பந்தம்? யார் சொல்றீங்க?"

வஹீதா ஈரக் கையை உயர்த்தினாள். "என் கிளி மாதிரிதாங்க மேடம். ரெட்டை வால் தப்பா வந்துச்சு. ஆனா எல்லாருக்கும் அது பிடிச்சுப் போச்சு, என்னைப் பார்த்தே எடுத்தாங்க. இப்ப கிளாஸ்ல பாதிக் கிளிக்கு ரெட்டை வால். பிடிக்காம இருந்திருந்தா என் கைக்குட்டையோட அது போயிருக்கும்."

"காட்டுல யாருக்குப் பிடிக்கணும்?"

"காட்டுல பிடிக்கறதுன்னு இல்லைங்க மேடம்" என்றாள் லூர்துராணி. அவசரத்தில் திக்கியது. "வெயிலு, காத்து, பூச்சி, நோவு. எது அதுல தாக்குப் பிடிக்குதோ அது நிறையப் பிள்ளை விடும். மாற்றம் தானா வருது, நிறைய வீணாத்தான் போகும். நிலைக்கறது கொஞ்சம். அந்தக் கொஞ்சம் கொஞ்சமே ரொம்ப ரொம்பக் காலம் சேர்ந்தா, வேற உயிராவே ஆயிடும். மாற்றமே வரலைன்னா உலகத்துல எல்லாம் ஒரே மாதிரி இருந்திருக்கும். சேர்க்கறதுக்கு ஒண்ணுமே இருந்திருக்காது."

வள்ளிக்கண்ணு இதை இந்த வார்த்தைகளில் சொல்லிக்கொடுக்கவே இல்லை. கண் கலங்கிவிட்டது. சேற்றுக் கையால் துடைத்துக்கொண்டு கன்னத்தில் பட்டை அடித்துக்கொண்டாள்.

"ரெண்டாவது கன்னு எங்கண்ணே?" என்றாள் வள்ளிக்கண்ணு. வண்டியின் அடிவரை பார்த்துவிட்டார்கள், அது இல்லவே இல்லை. வீரமலை தலையைச் சொறிந்தான். "அப்பா வண்டில போட்டாருன்னுதானே நெனச்சேன்!"

புறப்படும்போது இன்ஸ்பெக்ட்ரஸ் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இந்தக் கன்னு தார் போடட்டும் டீச்சர். தாரும் பச்சையா வருதான்னு நானே வந்து பார்க்கணும். அன்னைக்கு என்னைக் கூப்பிட நீங்க இந்த ஸ்கூல்ல இருக்கணும் இல்லையா? இருப்பீங்க. ஆனா ஒண்ணு, கன்னு போச்சுன்னா நம்ம சாட்சி போச்சு. பத்திரம்."

கார் தெருமுனை தாண்டும் வரைக்கும் பெண்கள் கை தட்டிக்கொண்டே இருந்தார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ்கூட இரண்டு தட்டு தட்டினார்.

சாயங்காலம் ஸ்ரீரங்கம் பஸ்ஸில், ஈரச் சாக்கில் சுற்றிய கன்றை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள் வள்ளிக்கண்ணு. "குழந்தையா?" என்று எட்டிப் பார்த்த கண்டக்டர், "அட, வாழைக்கன்னு!" என்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். சந்தோஷத்தில் அவள் கால் தரையில் பாவவில்லை. ஆனால் பாலத்தைத் தாண்டியதும் வேறு கவலை பிடித்துக்கொண்டது. புத்தூர் மண் பாறை, ஸ்கூல் தொட்டித் தண்ணீர் பெண்கள் குடிக்கவே பற்றாது. இந்தக் கன்று பிழைக்க வேண்டுமென்றால் மேலூர்க் கொல்லையில்தான் ஊன்ற வேண்டும். வெட்டிப் போடு என்று சொன்ன அப்பாவிடம், அதன் பிள்ளையைக் கொண்டுபோய் எந்த முகத்தோடு நீட்டுவது?

வீட்டுக்குப் போகாமல் நேரே கொல்லைக்கு நடந்தாள். வீரமலை இன்னும் மார்க்கெட்டிலிருந்து திரும்பவில்லை. வெட்டின மரம் இருந்த இடத்தில் பள்ளம் மட்டும் இருந்தது. அதைத் தாண்டி, வீட்டுக்குக் கண்ணெட்டாத தூரத்தில், கொள்ளிடக் கரையோரம் யாரோ குனிந்து நின்றார்கள்.

அழகர்சாமி! பக்கத்தில் கடப்பாறை சாய்ந்து கிடந்தது. அவர் காலடியில் புதுசாக மூடிய குழி, குழியில் சேறு அப்பிய ஒரு கன்று, சுற்றிலும் ஆடு மேயாமல் முள் வேலி. அவர் செம்பால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

வள்ளிக்கண்ணுவுக்கு நம்பவே முடியவில்லை. "அப்பா! வெட்டிப் போடச் சொன்னீங்களே!"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். திருட்டுத்தனமாகத் தின்று மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி அவர் முகம் ஆகிவிட்டது.

"மரத்தைத்தானே சொன்னேன். கன்னு என்ன பாவம் பண்ணுச்சு? உசுரோட இருக்கற கன்னை, மண்ணைக் கொத்துற எந்த சம்சாரியாவது தூக்கி எறிவானா?" குரல் இறங்கியது. "உங்க அண்ணன்கிட்ட சொல்லிடாத. நாலு வீட்ல போய்ச் சொல்லிடுவான்."

வள்ளிக்கண்ணு கையிலிருந்த சாக்கைப் பிரித்துக் காட்டினாள். பச்சைப் பட்டையையும் அந்தச் சிவப்புக் கோட்டையும் அவர் வெகு நேரம் பார்த்தார். அவள் இன்ஸ்பெக்ட்ரஸ் சொன்னதையெல்லாம் மூச்சு விடாமல் கொட்டி முடித்தாள். சேற்றில் உட்கார்ந்த பெரிய அம்மா, இரட்டை வால் கிளி, வேலை நிரந்தரம், எல்லாம்.

"அப்ப உன் வேலை இந்தக் கன்னு மேல நிக்குதுன்னு சொல்ற."

"ஆமாப்பா."

அவர் தாடையைச் சொறிந்தார். "பக்கத்துலயே இன்னொரு குழி எடுக்கறேன். ஆனா வள்ளி, உன் படிப்பு எனக்குத் தெரியாது. ரெட்டைப் பழம் தின்னா ரெட்டைப் பிள்ளைம்பாங்க. ரெண்டு நிறப் பழத்துக்கு எதைச் சொல்லுவாங்களோ! ரெங்கம் அதைக் கண்ணால பார்த்ததுக்கே எனக்குத் தூக்கம் இல்ல. குழந்தை மேல ஒரு திட்டு இல்லாம, தங்க விக்கிரகமாப் பொறக்கட்டும். அதுவரைக்கும் இது ரெண்டும் இங்க இருக்கும். ஏதாச்சும் ஒண்ணு ஆச்சு..." அவர் கண் கடப்பாறை மேல் போயிற்று. "என் கையாலயே பேத்துக் கொள்ளிடத்துல விட்டுருவேன். அப்புறம் யாரும் என்னைக் கேக்கக் கூடாது."

"ஒண்ணும் ஆகாதுப்பா! பழத்தோட ஜீன் பழத்தோட. தின்னாலே பிள்ளைக்கு ஒட்டாது, பார்த்தா எப்படி ஒட்டும்? அண்ணி அதைத் தொடக்கூட இல்ல."

பின்னால் சருகு மிதிபடும் சத்தம். இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு ரெங்கம்மாள் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ! முகம் ஒரு மாதிரி இருந்தது.

"மாமா" என்றாள். "அந்தப் பானையில அணில் பழம் தின்னுச்சுன்னு காலையில வள்ளிகிட்ட சொன்னேன்..."

வள்ளிக்கண்ணுவுக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. "அண்ணி!"

"அணில் இல்லைங்க மாமா. நான்தான். மாசமா இருக்கறவளுக்கு ஒரு ஆசை வந்தா அடக்க முடியுதா? பச்சைப் பக்கம் கொஞ்சம் தித்திப்பு ஜாஸ்தி."

அழகர்சாமியின் கையிலிருந்து செம்பு நழுவி விழுந்து, தண்ணீர் முழுக்கக் கன்றின் அடியில் ஓடியது. அவர் மருமகள் முகத்தைப் பார்த்தார், அவள் வயிற்றைப் பார்த்தார், அப்புறம் மெதுவாகக் குனிந்து கடப்பாறையை எடுத்தார். இரண்டாவது குழிக்கா, முதல் கன்றைப் பேர்க்கவா என்று வள்ளிக்கண்ணுவுக்குத் தெரியவில்லை. சாக்கிலிருந்த கன்றை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.